பேஷண்டுக்கு நீங்க யாரு?

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று புனேயில் எனக்கு மூன்று டயர் கடைகள். வாகட் பகுதியில் உள்ள எங்கள் ஃபிளாட்டில் என் மனைவி மயங்கி விழுந்த மதியம், ஆம்புலன்சில் வந்த ஊழியர் ஒரு தமிழர். ஒடிசலான உடம்பு, பாதி நரைத்த மீசை. அவள் நாடியைப் பிடித்தபடியே கேட்டார்.

“பேஷண்டுக்கு நீங்க யாரு?”

“சாகண் ஏரியாவுல கேட்டுப் பாருங்க. மூணு கடை. வியாபாரிகள் சங்கத்துக்கே நான்தான் தலைவர்.”

“அது இருக்கட்டும் சேட். பேஷண்டுக்கு நீங்க யாரு?”

புருஷன் என்றேன்.

ஔந்த் சாலை நெரிசலில் வண்டி ஊர்ந்தது. எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். வண்டியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் அழுதாள்.

“பேஷண்டுக்கு நீங்க யாரு?” என்றார்.

“ஏங்க, நான்தாங்க. உங்க அப்பா விழுந்துட்டாரு.”

என் மனைவியின் நாடியிலிருந்து அவர் விரல் நகரவில்லை.

“ஒருக்களிச்சுப் படுக்க வை. வேற ஆம்புலன்ஸ் காடி அனுப்பச் சொல்றேன். வர்றவங்ககிட்ட என் பேரைச் சொல்லிக்கிட்டு நிக்காத, டைம் போகும். மருமகள்னு மட்டும் சொல்லு.”

நான் மனைவியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

மனைவிக்குச் சர்க்கரை இறங்கியிருந்ததாம், பிழைத்துக்கொண்டாள். அவளை உள்ளே ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் வாசலுக்கு வந்தார். அப்போது இன்னொரு வண்டி வந்து நின்றது. அவருடைய அப்பா கண் விழித்திருந்தார். அந்த வண்டியின் ஊழியர் நோட்டை விரித்து அதே கேள்வியைக் கேட்டார்.

“மகன்” என்றார் இவர்.

எதிலும் முந்திக்கொள்கிற என்னிடம் அந்தக் கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.