வெள்ளைத் துணிக்கு முன்னால் எடுத்த படம்

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு யாரும் எனக்கு எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. தறியில் கூலிக்கு நின்றவன் இன்று இராஜபாளையத்தில் சொந்தமாக, காயத்துக்குக் கட்டும் கட்டுத்துணி போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறேன். சலவை முடிந்து என் களத்தில் காயும் துணியின் வெள்ளை இந்த ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, வாங்குகிறவர்களே சொல்வார்கள். அப்படிப்பட்டவனுக்கு ஒரு கேமரா எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன்.

கேமரா வாங்கியது என் மகளுக்காக. அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. எங்கள் ஆபீஸை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், கெட்டிக்காரி. மாப்பிள்ளைதான் அமையவில்லை. ஸ்டுடியோ படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவளை நேரில் பார்த்ததும் காபியைப் பாதியில் வைத்தார்கள். ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் அவள் முகத்தை வழித்து மெழுகுப் பொம்மை மாதிரி ஆக்கியிருந்தான். படத்தில் ஒரு பெண், வீட்டில் ஒரு பெண்ணா என்று தரகரிடம் கேட்டார்களாம். இன்னொரு வீட்டாரும் அதையே சொல்லிவிட்டுப் போன அன்று, வந்தவர்கள் குடித்த டம்ளர்களைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் ஆபீஸுக்குப் போய்விட்டாள். இனிமேல் படத்தை நானே எடுப்பேன், உள்ளது உள்ளபடி எடுப்பேன் என்று மதுரைக்குப் போய் நல்ல கேமராவாக வாங்கி வந்தேன்.

செல்போனே போதும் என்றாள் மகள். செல்போனில் எடுக்கிறவன் தெருவுக்குத் தெரு இருக்கிறான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனா?

முதலில் எதை எடுத்தாலும் ஆடியது. மேற்கே மலையை எடுத்தேன், முன்னால் இருந்த கரண்ட் கம்பிதான் தெளிவாக விழுந்தது. டவுன் பஸ் புகையாக வந்தது. வாசலில் மேய்ந்த சேவலை எடுத்து என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். செத்த நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சேவல்னு நீங்க சொன்னாத்தான் தெரியுது. கொண்டையை எங்க வச்சிட்டு வந்துச்சாம்?"

நான் விடவில்லை. பெட்டிக்குள் இருந்த புத்தகத்தைப் பிரிக்காமலேயே, மூச்சை எப்போது பிடிக்க வேண்டும், முழங்கையை எங்கே ஒட்ட வைக்க வேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன். சேவலுக்குக் கொண்டை வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் போலீஸில் இருந்தான், அவனுக்கும் வயது ஏறியிருந்தது. அவனுடைய அம்மா முதலில் படம் கேட்டார். படம் பிடித்துப்போனால் ஆண்டாள் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்ப்பார்கள், அதன் பிறகுதான் வீட்டுக்கு வருவார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி உண்டு. கோயிலில் பார்த்துப் பிடிக்காமல் போனால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், சாமி கும்பிட வந்ததாக இருந்துவிட்டுப் போகும். பையனின் படத்தை மகள் பார்த்தாள். வழக்கமாக, சரி என்று திருப்பித் தந்துவிடுவாள். இந்த முறை அது இரண்டு நாள் அவள் ஆபீஸ் மேஜையிலேயே இருந்தது என்று வீட்டுக்காரி வந்து சொன்னாள்.

படம் எடுக்க என் களத்தைவிட நல்ல இடம் எது? துணி வரிசையாகக் காயும்போது நடுவில் நின்றால் கூலியாளின் முகம்கூடப் பளிச்சென்று இருக்கும். வெளிச்சம் அப்படி. வீட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை.

"கல்யாணப் பொண்ணைக் கட்டுத்துணிக்கு முன்னாடியா நிப்பாட்டுவாக? பாக்குறவுக இவளுக்கு என்ன சீக்குன்னு கேக்கப் போறாக."

மகள் சிரித்துவிட்டாள். அரக்கு நிறப் புடவை கட்டியிருந்தாள். அந்தச் சிரிப்போடே எடுத்தேன். உச்சி வெயிலில் கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. நன்றாகத்தான் வந்திருக்கும் என்று பிரிண்ட் போடும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு இழுத்தான்.

"அண்ணாச்சி, முகம் கருத்து விழுந்திருக்கு. பின்னாடி இம்புட்டு வெள்ளை இருந்தா கேமரா ஏமாந்துபோகும். முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டுருவோமா?"

"வெள்ளையைப் பத்தி எனக்கே சொல்லுதியா? கம்ப்யூட்டர் வேலையே வேண்டாம்னுதான் நானே எடுத்திருக்கேன். தொடாம அப்படியே போடு."

அப்படியே போட்டான். துணி, நான் உண்டாக்கிய துணி, வெள்ளையாக எரிந்தது. அதற்கு நடுவில் அவள் முகம் அடுப்பங்கரைச் சுவர் மாதிரி இருந்தது. மகள் வாங்கிப் பார்த்தாள்.

"நான் இப்படியாப்பா இருக்கேன்?"

ஒளிவு மறைவு இல்லாத படம், நேரில் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது என்றேன். அவள் இன்னொரு தடவை பார்த்தாள். சரி, அனுப்புங்க என்றாள்.

பதில் வரவில்லை. தரகர் என் போனை எடுப்பதை நிறுத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை, பையனின் அம்மா கோயிலுக்கு வரும் நேரத்தை விசாரித்துக்கொண்டு, சாமி கும்பிடலாம் என்று வீட்டுக்காரியையும் மகளையும் காரில் ஏற்றினேன்.  மகள் அதே அரக்குப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள்.

வெளிப் பிராகாரத்தில் அந்த அம்மாவைப் பார்த்து, நான் இன்னார் என்று சொன்னேன். அவர் என் மகளைப் பார்த்தார். மேலும் கீழும் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தார்.

"இவளா? படத்துல வேற மாதிரில்ல இருந்துச்சு, அண்ணே. நல்ல லட்சணமா இருக்காளே."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன புதன்கிழமைதான் தளவாய்புரத்துல பேசி முடிச்சுத் தட்டு மாத்தினோம்."

பிறகு தன் கையில் இருந்த குங்குமத்தை என் மகளின் நெற்றியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். குங்குமம் வைக்க அவள் குனிந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

வெளியே வந்ததும் வீட்டுக்காரி காருக்குப் போனாள். மதில் ஓரம் நிழலாக இருந்தது, பின்னால் வெறும் கருங்கல். அந்த இடத்தில் நில்லு என்றேன். மாட்டேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். நின்றாள். ஒரே தடவைதான் அமுக்கினேன். அவள் நிறம், அவள் கண், நெற்றியில் புதுக் குங்குமம், எல்லாம் இருந்தபடியே விழுந்தன. எந்த ஸ்டுடியோக்காரனும் அவளை அப்படி எடுத்ததில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நாளைக்கே தரகரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

அவள் கேமராவை வாங்கி நிழலில் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்குப்பா. யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஒன்று சொல்லியிருப்பேன். அவள் ஆபீஸில் கணக்கை முடித்துவிட்டுச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு தரகரே போன் செய்தார். சிவகாசியில் ஓர் இடம் இருக்கிறது, இப்போது எடுத்த படம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.