பக்கிரிசாமி சரிபார்த்த பலகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, 'ஆர்க்கிடெக்ட் ஐயா வீடு எது?' என்று கேட்டிருந்தால் ரிக்‌ஷாக்காரர் கூடப் பக்கிரிசாமி வீட்டைக் காட்டியிருப்பார். ஆனால் பக்கிரிசாமி ஆர்க்கிடெக்ட் இல்லை. அந்தப் பட்டம் ஆபீஸில் துரைக்கு மட்டுந்தான் உண்டு. பக்கிரிசாமி தலைமை டிராஃப்ட்ஸ்மேன். துரை ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு கோடு கிழித்து 'இங்கே ஒரு வங்கி வேண்டும்' என்பார். அந்த நாலு கோட்டை நாற்பது பிளானாக்கி, வாசல் எங்கே, படிக்கட்டு எங்கே, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று முடிவு செய்வது பக்கிரிசாமி. கட்டடம் எழும்பியதும் கல்வெட்டில் துரை பெயர் வரும். உலகம் அப்படித்தான், அதற்காக அவர் அழுது நான் கேட்டதில்லை.

அவர் செய்த வேலை வேறு. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பிளான் வரைகிற நம்மவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார். பன்னிரண்டு வருஷம் அதற்கு அவரே தலைவர். முதுகு சாய்க்க இடமில்லாத முக்காலியில் பத்து மணி நேரம் குந்தியிருந்தவர்களுக்குச் சாய்மானம் வைத்த நாற்காலி வந்தது அவரால்தான். கிள்ளானில் கன்னையா காய்ச்சலில் இரண்டு மாசம் படுத்தபோது, சங்கத்து ஆட்கள் ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய் அவர் மேசையில் கிடந்த பிளானை முறைவைத்து வரைந்து முடித்தார்கள். கன்னையா எழுந்து வந்தபோது அவருடைய வேலை அவருக்காகவே காத்திருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் அந்த மூலைக் கட்டம். முன்பெல்லாம் பிளானில் துரை பெயரைத் தவிர வேறொரு எழுத்து இருக்காது. வரைந்தவனும் ஒரு மனுஷன், அவனுக்கும் ஒரு பெயர் உண்டு என்று கேட்டால் எந்த துரை காதில் ஏறும்? பக்கிரிசாமி வேறு வழியில் போனார்.

"துரை, பிளான்ல தப்பு இருந்தா யாரைத் திட்டறதுன்னு உங்களுக்குத் தெரிய மாட்டேங்குது. எல்லாரையும் கூப்பிட்டுத் திட்டறீங்க. உங்களுக்குத்தான் தொண்டை வலி. மூலையில மூணு கட்டம் போட்டுடலாம். வரைஞ்சவன், மைபோட்டவன், சரிபார்த்தவன். ஆளுக்கு ரெண்டு எழுத்து."

துரைக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. திட்டுவதற்கென்று கேட்டு வாங்கிய கட்டத்தில் அன்றைக்கே எல்லோர் பெயரும் ஏறிவிட்டது. அரிசி மணி அளவுதான். ஆனாலும் அவரவர் பெண்டாட்டி பிள்ளைகளிடம் காட்டலாம் அல்லவா? பக்கிரிசாமி எதைச் சரிபார்த்தாலும் 'ஆர்.பி.' என்று மூன்றாவது கட்டத்தில் போட்டுவிடுவார். இராமலிங்கம் மகன் பக்கிரிசாமி. அந்தப் பழக்கம் முற்றிப்போய், வீட்டுக்கு வந்த பால் கணக்குத் துண்டில்கூட ஒருநாள் 'ஆர்.பி.' போட்டு மனைவி பவுனம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சக தொழிலாளிக்கு அதிகம் உழைத்த ஒருவருக்கு வருஷந்தோறும் சால்வை போர்த்துவது சங்கத்து வழக்கம். வருஷந்தோறும் யாராவது பக்கிரிசாமி பெயரைச் சொல்வார்கள். தலைவர் என்ற முறையில் அவரே அதை அடித்துவிடுவார். அந்த வருஷம் அவர் ஒரு கிடங்கு வேலையாக மூன்று நாள் கிள்ளானுக்குப் போனாரோ இல்லையோ, சங்கத்துச் செயலாளர், அவர் ஆபீஸிலேயே பிளான் வரைகிற லியனார்ட், கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் போட்டுவிட்டான். திரும்பி வந்தவர் குதி குதி என்று குதித்தார்.

"எனக்கெதுக்கு லியனார்ட் இந்த மாலை மரியாதை எல்லாம்?"

வீட்டுக்குப் போனதும் கறுப்புக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். ஒரு வாரத்தில் மூன்று தடவை அதற்கு இஸ்திரி போட்டார்.

"ஏங்க, மாலை மரியாதை வேணாம்னீங்களாமே," என்றாள் பவுனம்மாள். "கோட்டுக்கு மட்டும் மரியாதை போவுது!"

"கிடக்குற துணியை எடுத்து வெச்சா உனக்கு என்ன?"

உள்ளதைச் சொன்னால், மனுஷனுக்கு ஆசை இருந்தது. இருபத்தேழு வருஷமாக இந்த ஊரில் பாதிக் கட்டடம் அவர் கையால் எழும்பியிருக்கிறது. அரிசி மணி அளவில் இரண்டு எழுத்து போதும் என்று இருந்தவருக்கு, ஒரு தடவையாவது தன் முழுப் பெயரை ஆள் உயரத்தில் பார்த்துவிட வேண்டும் என்று ஏக்கம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அலமாரி மேல் ஒரு நீளச் சுருள் இருந்தது. தன் ஆபீஸில் தான் பார்க்காத சுருளா? பக்கிரிசாமி எடுத்து விரித்தார். ஆறடி நீள டிரேசிங் துணியில், அளவு குறைக்காமல், 'தலைவர் பக்கிரிசாமி' என்று கொட்டை எழுத்து. இரண்டு பக்கமும் தாமரை. கீழ் மூலையில், பலகைக்குத் தக்க பெரிய அளவில், வழக்கமான மூன்று கட்டம். லியனார்ட் வரைந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் வைக்கப் போகிற வளைவுப் பலகை என்று பார்த்தவுடனே புரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் செய்கிறார்களாம்!

அங்கேயே சுருட்டி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கடைசி 'மி'யின் மேல்சுழி தாமரை இதழில் இடிப்பது கண்ணில் பட்டுவிட்டது. கை சும்மா இருக்குமா? பிளேடால் சுரண்டினார், மை தொட்டார், அழகாகத் திருத்தினார். அதோடாவது நின்றாரா? நீலத் தாளில் தன் பெயர் வெள்ளையாக வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நப்பாசை. துணியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

பிளானுக்குப் பிரதி எடுப்பது அந்தக் காலத்தில் வெயில் வேலை. கண்ணாடிச் சட்டத்தில் டிரேசிங் துணியை வைத்து, அதன்கீழ் மருந்து தடவிய தாளை வைத்து, வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளைக் கோடு விழும். அந்த வேலைக்கு இருதயம் என்று ஒருவர் இருந்தார். செந்தூல் மாதா கோயிலைச் சேர்ந்தவர், வாயில்லாப் பூச்சி, பதினைந்து வருஷமாக வெயிலில் நின்று நின்று தோல் வெந்த மனுஷர். அவர் சாப்பிட்டு வருவதற்குள் முடித்துவிடலாம் என்று பக்கிரிசாமி துணியைச் சட்டத்தில் வைத்தார். அவசரத்தில் எந்தப் பக்கம் மேலே என்று பார்க்கவில்லை. துணி கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கம் பார்த்தாலும் எழுத்து தெரியும், அந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியும்.

வெயில் பட்டு முடியவும் மாடிப்படியில் லியனார்டின் குரல் கேட்கவும் சரியாக இருந்தது. பக்கிரிசாமி தாளைக் குப்புறத் தொட்டியில் போட்டார், துணியைச் சுருட்டினார், அலமாரி மேல் எறிந்தார், தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பென்சில் சீவ ஆரம்பித்தார். ஆசைப்பட்ட பெயரைக் கண்ணால் பார்க்கவும் இல்லை!

இருதயம்தான் அச்செடுத்துத் தொட்டியில் போட்டிருக்கிறார் என்று லியனார்ட் நினைத்தான். தண்ணீர் வடிந்ததும் முன்பக்கத்தைப் பார்க்காமல் பழைய பத்திரிகையில் சுற்றி, ரிக்‌ஷா பிடித்துத் சீனத் தச்சர் ஆ லோக்கிடம் கொண்டு போய்க் கொடுத்தான்.

"தௌக்கே, தாளைப் பலகையில ஒட்டு. வெள்ளையா இருக்கிறது எல்லாம் வெட்டி எடு. ஒண்ணு விடக்கூடாது."

"வெள்ளை எல்லாம் வெட்டு. போலே, போலே," என்று மலாயில் 'ஆகட்டும்' சொன்னார் ஆ லோக். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சொன்னதைச் செய்கிற மனுஷர்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. வாடகைக்கு எடுத்த மண்டபம் மேற்குப் பார்த்த வாசல். வாசலுக்கு மேலே, சுவரில்லாத திறப்பில், ஆ லோக்கே பலகையை ஏற்றி முன்பக்கம் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார். கிள்ளானிலிருந்து கன்னையா முதற்கொண்டு எல்லோரும் வந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கிரிசாமி இஸ்திரிக் கோட்டும் மாலையுமாக வெளியே துரைக்குப் பக்கத்தில் நின்றார். கைதட்டலுக்கு நடுவில் துரை கயிற்றை இழுத்தார்.

கைதட்டல் பாதியில் நின்றது.

பெயர் 'மி'யில் தொடங்கி 'த'வில் முடிந்தது. ஒவ்வொரு எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லியனார்டின் முகத்தில் ஈயாடவில்லை.

"இருதயம்!" என்று கத்தினான். "என்னய்யா அச்செடுத்தே? துணியைத் திருப்பிப் போட்டுட்டியே! பதினஞ்சு வருஷமா இதைத்தானே செய்யறே? ஐயாவை இப்படி அவமானப்படுத்திட்டியே! இனிமே சங்கத்துப் பக்கம் வராதே!"

இருதயம் வாயைத் திறந்தார். பக்கிரிசாமியைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

"தப்புதான்," என்றார் மெதுவாக.

பக்கிரிசாமிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிற்று. செய்தது தான் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. இருதயம் ஏன் ஒத்துக்கொள்கிறார் என்றுதான் புரியவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பேசினால்? துரைக்கு முன்னால், ஊருக்கு முன்னால், தலைவர் தன் பெயரைப் பார்க்கத் திருட்டுத்தனமாக அலமாரி ஏறினார் என்று சொல்ல வேண்டும். ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மாலை கழுத்தை அறுத்தது. இருதயம் சட்டைப் பித்தானைத் திருகியபடி கூட்டத்தின் ஓரமாக நகர்ந்து வெளியே போகத் தொடங்கினார். அவர் முதுகைப் பார்த்தபோது பக்கிரிசாமியால் தாங்க முடியவில்லை.

"இருதயம், நில்லு," என்றார். "அச்செடுத்தது நான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆமா, நான்தான். வியாழக்கிழமை மத்தியானம். எம் பேரு எப்படி இருக்கும்னு பாக்க ஆசை. யாருக்கும் தெரியாம எடுத்துப் பாத்தேன். லியனார்ட் போட்ட சுழியைத் திருத்தினேன். அப்புறம் நானே சட்டத்துல வெச்சு எல்லாத்தையும் கெடுத்தேன். அந்த மனுஷன் மேல ஒரு தப்பும் இல்ல. இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு ஆசை. சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க."

சிரித்தார்கள். ஆனால் அவர் பயந்த சிரிப்பு இல்லை அது. கன்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். லியனார்ட் துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். துரை புருவத்தைத் தூக்கினார். பலகையின் அருகே போய் அண்ணாந்து பார்த்தார். இடது கோடியில், கீழே, வலது கோடியில் இருக்க வேண்டிய சின்னக் கட்டம். ஆ லோக் வெள்ளையில் ஒன்றையும் விடவில்லை. மூன்றாவது கட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு 'ஆர்.பி.'!

திருத்தி முடித்ததும் கை தன்பாட்டில் போட்டிருக்கிறது. போட்டதே அவருக்கு நினைவில்லை.

"பக்கிரிசாமி, நீங்கள் சொன்னது சரிதான்," என்றார் துரை. "யாரைத் திட்ட வேண்டும் என்று தேடவே வேண்டியதில்லை."

இதை லியனார்ட் தமிழில் சொன்னபோது எழுந்த சிரிப்பு நாலு தெரு கேட்டிருக்கும். அதற்குள் உள்ளேயிருந்து பவுனம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எதுக்கு இவ்வளவு கூச்சல்? எழுத்து நல்லாத்தானே இருக்கு! உள்ள வந்து பாருங்க."

பக்கிரிசாமி இருதயத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்த்தார். பலகையை ஊடுருவி வெட்டிய எழுத்தல்லவா? உள்ளேயிருந்து பார்த்தால் நேராக இருந்தது. மேற்கு வெயில் எழுத்துக்குள் புகுந்து ஒவ்வொன்றும் பொன்னாக எரிந்தது. தலைவர் பக்கிரிசாமி. ஆள் உயரத்துக்கு. அவர் கண் கலங்கிவிட்டது. கோட்டுக் கையாலேயே துடைத்துக்கொண்டார், அத்தனை இஸ்திரியும் வீண்.

"உனக்குத் தெரியுமா இருதயம், நான்தான்னு?"

"சாப்பிட்டு வந்து துணியைப் பிரிச்சேன் ஐயா. கட்டத்துல உங்க எழுத்து, புது மையில இருந்துச்சு. பிரதி அதுக்குள்ள போயிருச்சு. ஆசையாப் பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன்யா இப்ப பழியை ஏத்துக்கிட்டே?"

"உங்களுக்கு ஒரு நாளு ஐயா இது. எனக்கு என்ன, பேரா புகழா, கெட்டுப்போறதுக்கு?"

பக்கிரிசாமி அவர் கையை விடாமலே முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், லட்டு தின்றார்கள். போட்டோவில் தலைவர் பக்கத்து நாற்காலியில் மிரண்டு போய் உட்கார்ந்திருப்பவர் இருதயம். லியனார்ட் நாலு தடவை மன்னிப்புக் கேட்டான். பலகையைத் திருப்பி மாட்டலாமா என்று ஆ லோக் கேட்டதற்குப் பக்கிரிசாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை, வந்த துரையைத் தொப்பி மாட்டக்கூட விடாமல் பக்கிரிசாமி அவர் முன்னால் போய் நின்றார்.

"துரை, மூணு கட்டம் பத்தாது. அச்செடுக்கிறவருக்கும் ஒண்ணு வேணும். அவருக்குக் கட்டம் இருந்திருந்தா நேத்து பழி அவரு மேல போயிருக்காது. பேரு இல்லாதவன் மேலதான் எல்லாப் பழியும் போய் உக்காருது."

துரை தொப்பியை மாட்டினார். சரி என்றார்.

அந்த வாரம் முதலில் வெளியே போனது ஒரு கடைவீட்டுப் பிளான். மூலையில் நாலு கட்டம். நாலாவதில் எழுதச் சொல்லிப் பக்கிரிசாமி பேனாவை நீட்டினார். இருதயம் வேட்டியில் கையைத் துடைத்துத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். இரண்டு எழுத்துக்கான இடத்தில் 'இருதயம்' என்று முழுப் பெயரையும் நெருக்கி எழுதிவிட்டார்; மகர ஒற்று கோட்டைத் தாண்டி வெளியே நின்றது.

சுழி இடித்தாலே பொறுக்காத கை பக்கிரிசாமியுடையது. அவர் அதைப் பார்த்தார். பிளேடை எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டத்தில் 'ஆர்.பி.' போட்டார்.