ஐம்பது பேர் ‘வாங்குவேன்’ என்றார்கள்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். கோடை மழை பெய்து ஓய்ந்து, ஏற்காடு முழுக்கக் காப்பிப் பூ வாசனை. வருடத்தில் நாலைந்து நாள்தான் இந்த வெள்ளைப் பூக்கள் இருக்கும். அந்த நாட்களில் நான் உருப்படியாக ஒரு வேலையும் செய்வதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பனிக்குள் மரங்கள் காணாமல் போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பனிக்குள்ளிருந்து ஜெனி வந்தாள். கையில் ஒரு கட்டு சர்வே ஃபாரம். கண்ணெல்லாம் சிவப்பு.

“சார் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டாருங்கக்கா. நானே ஊட்ல உக்காந்து டிக் போட்டேனாம்... பூராவும் பொய்யாம்!”

ஜெனியை உங்களுக்குத் தெரியாது. வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் அந்தோணியின் மகள். சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. இரண்டாம் வருடம். தினமும் காலை பஸ்ஸில் மலை இறங்கி, சாயங்காலம் ஏறுகிறவள்.

அந்தப் படிப்பில் சேர்ந்ததே பெரிய கதை. ப்ளஸ் டூ முடித்ததும் வீட்டில் நர்சிங் என்றார்கள். சர்ச்சில் டீச்சர் ட்ரெய்னிங் என்றார்கள். இவள் மட்டும் பி.பி.ஏ. என்றாள். “அது படிச்சா என்ன வேலைங்க தருவாங்க?” என்று அந்தோணி என்னிடம் வந்து கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? “இவளே நாலு பேருக்கு வேலை தருவாளுங்க” என்று ஏதோ ஒரு ஜோரில் சொல்லிவிட்டேன். மூன்றாவது லிஸ்ட்டில் இடம் கிடைத்தது. அந்தோணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார் — ஒரு பேப்பர் போனாலும் படிப்பு நிறுத்தம்.

இப்போது போகவிருந்தது அந்த ஒரு பேப்பர்தான். ப்ராஜெக்ட். வெள்ளிக்கிழமை வைவா. அதற்குள் உண்மையான சர்வே கொண்டுவராவிட்டால், அடுத்த வருடம் ஜூனியர்களோடு சேர்ந்து செய்ய வேண்டியதுதான்.

ப்ராஜெக்ட் என்ன தெரியுமா? அவளுடைய கனவு. மலைக் காப்பியைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் போட்டு மலை மக்களுக்கே விற்பது. பாக்கெட்டின் மேல் ஒரு மேகம். மேகத்துக்குக் கீழே ஏரி. நோட்டில் வரைந்தே வைத்திருக்கிறாள். அதைப் பார்த்தால் எனக்கே கண்ணாடிக் கதவும் மர பெஞ்சுமாக ஒரு கடை கண் முன்னால் வந்துவிடும்...

ஃபாரங்களைப் புரட்டினேன். ஐம்பது பேர். ஐம்பது பேரும் ‘கட்டாயம் வாங்குவேன்’. ஒருவர்கூட ‘யோசிப்பேன்’ என்று டிக் போடவில்லை. எந்த வாத்தியார் நம்புவார்?

ஆனால் ஒன்றுகூடப் பொய்யில்லை. இவள் வீடு வீடாக ஏறி இறங்கியது எனக்குத் தெரியும். ஏனென்றால் இருபத்து மூன்றாவது ஃபாரம் என்னுடையது! ‘கட்டாயம் வாங்குவேன்’ என்று டிக் போட்டு, ஆலோசனைகள் என்ற இடத்தில் ‘வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தேன். எழுதும்போது என் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது... டீ. நான் காப்பி குடிப்பதே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அதை அவளிடம் சொன்னேன். ஜெனி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“அப்ப மத்தவங்களுங்க?”

மறுநாள் இரண்டு பேரும் கிளம்பினோம். வாழவந்தியில் எஸ்டேட் வேலைக்குப் போகும் செல்வி வீடுதான் முதலில். ஜெனி இந்தத் தடவை காப்பி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. “இன்னிக்குக் காலைல என்னங்கக்கா குடிச்சீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“டீ தான் கண்ணு.”

“நேத்துங்க?”

“நேத்தும் டீ தான். நாள் பூரா காப்பிச் செடிகூடயே நின்னுபோட்டு ஊட்டுக்கு வந்தும் அதேவா?”

“அப்பறம் ஏனுங்கக்கா ஃபாரத்துல கட்டாயம் வாங்குவேன்னு போட்டீங்க?”

செல்விக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “நீ வந்து கேட்டியே சாமி! நம்ம ரைட்டரு ஊட்டுப் புள்ள படிச்சு முன்னுக்கு வரோணும்ல?”

அப்புறம் போன வீடுகளிலும் இதே கதைதான். டீ... டீ... டீ. எங்கள் மலையில் யாருக்கும் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்ல வராது. அதுவும் கண்ணெதிரே வளர்ந்த பெண் பேனாவோடு வந்து நின்றால்? புதுப் பதில்களை எழுதிய இன்னொரு கட்டோடு திரும்பி நடந்தோம். வெள்ளைப் பூ வரிசை வரிசையாகப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய கடையும் அதோடு போகிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

“பழைய ஃபாரத்தையெல்லாம் அடுப்புல போட்டுரு” என்றேன். ஜெனி மாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை இரண்டு கட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனாள்.

வைவாவில் சார் கேட்டாராம். “ஏம்மா, அப்ப எல்லாரும் வாங்குவேங்கறாங்க, இப்ப யாருமே வாங்க மாட்டாங்கன்னு வருது. இதுல எது உண்மை?”

“ரெண்டும் உண்மைதாங்க சார். மொதல்ல என்னைப் பத்திச் சொன்னாங்க. ரெண்டாவதா காப்பியைப் பத்திச் சொன்னாங்க.”

சார் கொஞ்ச நேரம் இரண்டு கட்டையும் புரட்டிக்கொண்டே இருந்தாராம். அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டு, “சரி, அந்தக் காப்பியை வேற யாருக்கு விக்கலாம்? மூணாவது வருஷம் அதைச் செய்” என்றாராம்.

மூன்றாவது வருஷம்! அந்த வார்த்தையைச் சொல்லும்போது ஃபோனிலேயே குதித்தாள். நானும் இங்கே குதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றாள். தானே வறுத்து, தானே அரைத்துப் போட்ட காப்பி. “குடிச்சுட்டுச் சொல்லுங்கக்கா.”

ஒரு வாய் குடித்தேன். ‘சூப்பர் கண்ணு’ நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

“கசக்குது ஜெனி. நொம்ப வறுத்துட்ட.”

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். “அப்பா ரெண்டு டம்ளர் குடிச்சுபோட்டு அருமைங்கறாருங்கக்கா. அதான் நேரா இங்க வந்தேன்.”

பாவம் அந்தோணி... ஆயுசுக்கும் டீயைத் தவிர வேறெதையும் தொடாத மனுஷன்!