ஒழுக வேண்டிய கூரை

மொழிபெயர்ப்பில் நான் வேண்டுமென்றே செய்த ஒரு பிழையை அப்பாவிடம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தலை முழுக்க நரைத்த பிறகு இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

போரில் வீட்டை விட்டு ஓடி, நாங்கள் பெர்லினுக்கு வந்த முதல் ஆண்டு. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அப்பா வேலைக்குப் போகக்கூடாது. பகல் முழுவதும் ஜன்னலோரம் இருப்பார். பள்ளிக்கூடத்தில் டொச், அதாவது ஜெர்மன், பழகிய நான்தான் வீட்டுக்கு வாய்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள், கீழ்வீட்டு யூதப் பெரியவர் முற்றத்தில் பலகைகளால் குடில் கட்டி, மேலே மரக்கிளைகளைப் பரப்பினார். அன்று பொழுதுபட அவர்களுடைய கூடாரப் பண்டிகை தொடங்குகிறது, ஏழு நாளும் அதற்குள்தான் சாப்பாடு. அந்தக் கூரையைப் பார்க்க அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கினார்.

“உது ஒழுகும். வடிவா மூடித் தரட்டோ எண்டு கேள்.”

கேட்டேன். வேண்டாம், கிளைகளுக்கிடையே நட்சத்திரம் தெரிய வேண்டும், அதுதான் முறை என்றார் பெரியவர்.

“என்னவாம்?”

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

“ஓமாம், மூடட்டாம்,” என்றேன்.

பெரியவர் ஜெபாலயத்துக்குப் போனதும் அப்பா ஏணியில் ஏறினார். மழை புகாத நீலத் தறப்பாள், நைலோன் கயிறு, முடிச்சுக்கு மேல் முடிச்சு. சீட்டிகூட அடித்தார். அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்து, “கடல்ல விட்டாலும் மிதக்கும் போல!” என்று கத்தினார்.

பொழுதுபட விருந்தாளிகளோடு திரும்பிய பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதற்குள் மழையும் வராது, கடவுளும் வரமாட்டார் என்றார். இந்த முறை எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன்.

“அப்ப ஏன் முதல் ஓமாம் எண்டனீ?”

“டொச் வடிவா விளங்கேல்லை அப்பா.”

அவர் முகம் கறுத்தது. அந்த முகத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் பண்டிகை தொடங்கிவிட்டதால் அன்று வேலை செய்வது அவர்களுக்கு விலக்கு, யாரும் முடிச்சில் கைவைக்கக் கூடாது. அப்பாதான் வேண்டும். அவர் மறுபடியும் ஏணியில் ஏற, கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். தறப்பாள் விலகியதும், சொல்லிவைத்தாற்போல் மழை தூறியது. எங்களையும் உள்ளே இருத்தினார்கள். சூப்புக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“வீடு இருக்க ஏன் இதுக்குள்ள சாப்பிடுகினம்?” என்றார் அப்பா.

வீடில்லாமல் பாலைவனத்தில் அலைந்த முன்னோரின் நினைவாக என்றார் பெரியவர்.

“எத்தினை வருசம் அலைஞ்சவையாம்?”

“நாப்பதாம்.”

அப்பா கரண்டியை வைத்துவிட்டார். “வீட்டை போக அவ்வளவு காலம் செல்லுமோ?”

“அவை எப்பவோ வீட்டை போய்ச் சேந்திட்டினம் அப்பா,” என்றேன். அவர்களைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.