பெயின்ட் கடை லைன்

அக்குறணையில் எங்கள் வீடு மேட்டில். கடைகள் கீழே, கண்டி–மாத்தளை ரோட்டோரம். வீட்டில் சோறு தின்றுகொண்டே கடைக் கமராவைப் பார்க்கவேண்டும் என்று கடைக்காரர்கள் ஆசைப்பட்டதால்தான் எனக்கொரு தொழில் கிடைத்தது. நெட்வேர்க் படித்துவிட்டுக் கல்யாணப் பேச்சுக்காகக் காத்திருந்தவள் நான். கடைக் கூரையிலிருந்து எங்கள் மேல் சிலாப்புக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, வயர் இல்லாமல் டிஷ் பூட்டி இரண்டு லைன் போட்டு, அங்கிருந்து மற்ற வீடுகளுக்கும் கொடுத்தேன். ஒன்று நேரே வரும், வேகமானது. மற்றது பள்ளிவாசல் கூரையைத் தொட்டுச் சுற்றி வரும், மெதுவானது. கமராக்களின் சுமையை இரண்டிலும் பிரித்துவிட்டிருந்தேன். ஒன்று விழுந்தால் எல்லாம் தானாக மற்றதில் ஏறிக்கொள்ளும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

நானா, அதாவது என் மூத்த சகோதரன், ரோட்டோரத்தில் பெயின்ட் கடை வைத்திருந்தார். அவர் கடையின் மேல்தட்டு அறையில் மட்டும் அதே லைனில் ஒரு போனும் பூட்டிக் கொடுத்தேன். பகல் சாப்பாட்டுக்கு வராவிட்டால் உம்மா அதில்தான் ஏசுவா.

குண்டசாலைப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரிக்கிறார்கள் என்று நாங்கள் கேள்விப்பட்ட கையோடு அரசாங்கம் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டது. கைப்போனும் எடுபடவில்லை. என் இரண்டு லைனும் ஊருக்குள்ளேயே ஓடியதால் அவை மட்டும் வேலை செய்தன. டர்பன்டைன் டின்களை அப்புறப்படுத்திவிட்டு வருகிறேன் என்று நானா கீழே போனார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் லொறிகள் வந்து நின்றன. முகம் தெரியாத ஆட்கள் பொல்லும் கம்பியும் பெட்ரோல் போத்தலுமாகக் குதித்தார்கள்.

வீட்டிலிருந்த லைன் போன் அடித்தது. "தங்கச்சி, சட்டர உடைக்கிறாங்க. நான் மேல ஈக்கேன். பொறத்தால சந்தில ஆள் ஈக்கா பாரு."

சந்துக் கமராவைத் திறந்து பார்ப்பதற்குள் வேகமான லைனின் டிஷ் கல்லடி பட்டு விழுந்தது. நான் பெருமைப்பட்டபடியே எல்லாச் சுமையும் மெதுவான லைனில் தானாக ஏறியது. ஊரில் உள்ள அத்தனை கடைக்காரர்களும் வீட்டுக்குள் இருந்து தங்கள் தங்கள் கடை எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களின் நெரிசலில் நானாவின் குரல் அரைகுறையாக வந்தது. "புகை... கதவு... தங்க..." அவ்வளவுதான். உம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினா.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. எரிவதைப் பார்த்து என்ன செய்யப்போகிறார்கள், கண்ணால் அணைக்கவா? ஒவ்வொரு கமராவாக வெட்டத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுத் துணிக்கடை மாமா கையில் போனோடு ஓடி வந்து என் மேசையருகில் நின்றார். அவருடைய கடைக்குள் ஒருவன் சேலைக் கட்டுகள்மேல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"மகள், எண்டதை வெட்டாத. அல்லாவுக்காகச் சொல்றேன், கொஞ்சம் பொறு. நான் பாத்துக்கிட்டு ஈக்கேன்."

"அங்க நானா ஈக்காரு மாமா!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே வெட்டினேன். அவர் கையிலிருந்த திரை கறுத்துப்போனது. அவர் அந்தக் கறுத்த திரையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சந்துக் கமராவை மட்டும் விட்டேன். அதன் படத்தையும் மங்கலாக்கி, குரலுக்கு வழி ஒதுக்கினேன். நானாவின் இருமல் தெளிவாகக் கேட்டது.

"தங்கச்சி, ஏலாது. கீழ டின் வெடிக்குது."

"இறங்காதீங்க நானா. சந்தில நிக்கிறாங்க."

சந்தில் ஒரு வயதாளியைச் சுவரோடு சாய்த்துவைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாத படம். பொல்லு ஏறி ஏறி இறங்கியது. அவர் விழுந்த பிறகும் தலையில் மிதித்தார்கள். பிறகு இரண்டு காலையும் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். சந்து காலியானது.

"இப்ப பொறத்தால இறங்கி ஓடுங்க நானா! ஆத்துப் பக்கம்! ஓடுங்க!"

அந்த வயதாளியை இழுத்துப் போனதால்தான் என் சகோதரனுக்கு வழி கிடைத்தது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார், ஒரு கண் இல்லை. அவரை ரோட்டில் காணும்போதெல்லாம் நான் மற்றப் பக்கம் மாறி நடப்பேன்.

நானா போனை வைக்காமலே ஓடியிருந்தார். லைனை நான் குரலுக்கென்று ஒதுக்கிவிட்டதால் கடை எரிவது துளியும் விட்டுப்போகாமல் என் காதில் கேட்டது. டின்கள் வெடித்தன, கண்ணாடி கொட்டியது, யாரோ சிரித்தார்கள். உம்மா ஓதிக்கொண்டே இருந்தா. சந்துக் கமராவும் அணைந்துவிட்டது. நானா தப்பினாரா என்று சொல்ல எதுவும் இல்லை.

பின்கதவால் வந்தார். சேற்றில் ஊறி, ஒரு கை தோலுரிந்து தொங்க, கண்புருவம் கருகி வந்தார். உம்மா அவரைக் கட்டிப்பிடித்துக் கதறினா. நான் போனைப் பிடித்தபடியே நின்றேன், கை விடமாட்டேன் என்றது. நானா என் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நல்ல கையால் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"போனை வைங்க நானா," என்றேன். அவர் வைக்கவில்லை. வாப்பா மௌத்தான பிறகு அவர் தனியாளாகக் கட்டியெழுப்பிய கடை அது.

துணிக்கடை மாமா தரையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மேசைக்குப் போனேன். நானாவின் லைன் திரையில் இருந்தது, ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஊரார் கமராவையெல்லாம் வெட்டிய கை அதற்கு மட்டும் வரவில்லை. மேல்தட்டு இடிந்து விழும்வரை நானா கேட்டுக்கொண்டிருந்தார். நான் மாமாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.