பெரிய மாமா சொல்லாமல் போன கருத்து

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்துக்கு என் மகள் எழுந்து நின்றாள். பெரம்பலூர் நூலகத்து மாடியில், வாசகர் வட்டக் கூட்டத்தில், முன்னால் இருந்த இரும்பு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடிகாரம் அவள் தலைக்கு நேர் மேலே சுவரில் மாட்டியிருந்ததால் நேரம் எனக்கு மறக்கவில்லை. அதைவிட மறக்காதது, இரண்டாவது வரிசையில் இருந்த பெரிய மாமா தன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டதுதான். அவள் பேசும்போது அவள் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் அவருக்கு.

பெரிய மாமா என் கணவரின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அரியலூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. பெரம்பலூரில் எங்களோடுதான் இருந்தார். தினமும் பஸ்ஸில் போய் வருவார். என் கணவருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் வேலை. நான் காலையில் அலுவலகம் போனால் இருட்டித்தான் வருவேன். ஆகவே என் மகள் ஒரு வகையில் பெரிய மாமாவிடம் வளர்ந்தாள் என்றே சொல்ல வேண்டும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது, காய்ச்சலில் கஞ்சி குடித்தது, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போனது எல்லாம் அவர் கையைப் பிடித்துத்தான்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பஸ் புறப்படுவதற்கு முன்னால் ஏறி, இரண்டு நிமிடம் உரக்கப் பேசி, எதையாவது விற்றுவிட்டு இறங்குவார்களே, அவர்களிடம் அவர் வாங்காமல் வந்ததே இல்லை. எலுமிச்சம்பழம் பிழிகிற கருவி, ஊசியில் நூல் கோக்கிற தகடு, மூன்று நிறத்தில் எரிகிற டார்ச், பூண்டு உரிக்கிற ரப்பர் குழாய். நாங்கள் கேலி செய்தோம். பிறகு கொஞ்சம் கோபித்துக்கொண்டோம். அலமாரியில் இடம் இல்லாமல் போனதும் அவர் மொபெட்டின் பையில் ஒளித்து வைக்க ஆரம்பித்தார். ஒரு முறை நான் அதை எடுத்துப் பார்த்துவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வாய் வேணாம்னுதாம்மா சொல்லுது. அதுக்குள்ள கை வாங்கிடுது" என்றார். அதை ஒரு வேடிக்கையாக என் அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. அந்த வாக்கியத்தில் சிரிப்பதற்கு என்ன இருந்தது என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை.

வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். மகளை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து அவர் அழைத்துப் போவார். நான் முடிந்தபோது நடந்து போய்ச் சேர்ந்துகொள்வேன். எங்கள் நூலகர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். வயதில் சிறியவர்கள் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். பெரியவர்கள் பேசிவிட்டால் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை என்பார். இரண்டாவது விதிதான் எங்கள் வட்டத்துக்கே உரியது. 'நன்றாக இருந்தது', 'விறுவிறுப்பாகப் போகிறது' என்றெல்லாம் யாரும் சொல்லக்கூடாது. "புத்தகத்துல வர்ற ஆள நம்ம ஊர்ல எங்க பாத்தீங்க, அதச் சொல்லுங்க. பேர் மட்டும் வேணாம்" என்பார். பேர் இல்லாவிட்டால் யாருக்கும் வலிக்காது என்று அந்த மனிதர் மனதார நம்பினார். நாங்களும் நம்பினோம். அது எவ்வளவு சின்ன ஊர் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த மாதத்துப் புத்தகம் ஒரு நகைச்சுவை நாவல். கடைவீதிக்குப் போனால் கை நிற்காத ஒரு பெண்ணின் கதை. பொய் சொல்லி வாங்குவாள், வாங்கியதை மறைக்கப் பொய் சொல்வாள், மாட்டிக்கொண்டு தப்பிப்பாள். நூலகத்தில் ஒரே பிரதி. கை மாறிக் கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்தபோது மகள் அதைப் படித்துக்கொண்டே சோற்றுத் தட்டின் மேல் விழுந்து சிரித்தாள். பிறகு பெரிய மாமா எடுத்தார். காக்கித் தாளில் அட்டை போட்டுக்கொண்டு, தினமும் பஸ்ஸில் கொண்டுபோய்ப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"சிரிப்பே வரலையா பெரியப்பா?" என்று மகள் கேட்டாள்.

"வருது பாப்பா. எனக்குக் கொஞ்சம் லேட்டா வருது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்றார். "இன்னிக்குக் கூட்டத்துல நான் கொஞ்சம் பேசலாம்னு இருக்கேம்மா" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. வருடக்கணக்காக அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர். தன் முறை வந்தால் "எல்லாரும் சொல்லிட்டாங்க" என்று கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார். "பேசுங்க மாமா, நானும் வரேன்" என்றேன். சலவை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மகள் அப்போது பிளஸ் ஒன் படித்தாள். கூட்டத்தில் அவளைவிடச் சிறியவர் யாரும் இல்லை. அவள் பேச எழுந்தாலே எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள், அப்படிப் பேசுவாள்.

"கதையில அந்தம்மா ஊசி வாங்கப் போயி பீரோ வாங்கிட்டு வர்றாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், பீரோவ வாங்கிட்டு வந்து, உள்ள வைக்க ஊசி இல்லியேன்னு திரும்பிப் போவாரு" என்று ஆரம்பித்தாள். சிரிப்பு எழுந்தது. "பஸ்ஸு பேரளி தாண்டறதுக்குள்ள எதையாவது வாங்கலன்னா அவருக்கு மூச்சு முட்டும். எங்க வூட்ல தோல் சீவுற கத்தி மட்டும் ஒரு டஜன் இருக்கு. உருளைக்கிழங்குதான் இல்ல."

"பாப்பா, பேர் வேணாம்னா விலாசமும் வேணாம்" என்றார் நூலகர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய மாமா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே சிரித்தார். அவளை அப்படிப் பார்ப்பதில் அவருக்குப் பெருமை. நானும் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கைதட்டல் ஏற ஏற அவள் இன்னும் கொஞ்சம் மேலே போனாள். "ஒரு வெள்ளிக்கிழமை அவரே திருந்திடணும்னு சிறுவாச்சூருக்குப் போனாரு. இனிமே ஒண்ணும் வாங்க மாட்டேன் தாயேன்னு அம்மன் முன்னால சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணாரு. வெளிய வந்து செருப்ப மாட்டறதுக்குள்ள ரெண்டு சல்லடை."

மாடியே அதிர்ந்தது. வட்டத்துக்கு வருகிற ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவர எங்க கடப்பக்கம் அனுப்பிவிடு பாப்பா. தீபாவளி நெருங்குது" என்றார். பின்னாலிருந்து வேறு யாரோ, "சத்தியத்த மீறினா சும்மா விடுவாளா அந்த ஆத்தா?" என்று கேட்டார். அதுவும் சிரிப்புக்காகத்தான்.

எனக்கு அந்தச் சிறுவாச்சூர் விஷயம் அதுவரை தெரியாது. பெரிய மாமா கோயிலுக்குப் போகிற ஆளே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்த வாய் அப்படியே இருந்தது, மற்றதெல்லாம் மாறியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அடுத்தவர் பேசத் தொடங்கிய பிறகு, எழுந்து நூலகரிடம் குனிந்து, "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன் சார்" என்றார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

கூட்டம் தொடர்ந்தது. அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர், வார்டில் படித்துவிட்டுத் தான் சிரித்த சிரிப்பில் ஒரு நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றார். ஜவுளிக்கடைக்காரர், இப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால் தன் வீட்டில் உலை கொதிக்காது, ஆகவே அந்தப் பெண்ணைக் கடைசி அத்தியாயத்தில் திருத்தியது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். அதற்கும் சிரித்தோம்.

பிறகு லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருகிற பாய் எழுந்தார். பல வருடம் துபாயில் இருந்துவிட்டு ஊரோடு வந்து கடை வைத்திருப்பவர். "எனக்குச் சிரிப்பு வரலீங்க" என்றார். "எங்க ரூம்ல ஒருத்தர் இருந்தாரு. வாரா வாரம் சாமான் வாங்குவாரு. பொம்மை, சோப்பு, சென்ட்டு, எல்லாம் ஊருக்குக் கொண்டுபோறதுக்குன்னு கட்டிலுக்கு அடியில அடுக்குவாரு. யாருக்குங்க இதெல்லாம்னு கேட்டா, யாருக்காச்சும் ஆகும்பாரு. அவருக்குப் புள்ள குட்டி கெடையாது. நாங்களும் நல்லாக் கிண்டல் பண்ணினோம். அல்லா மன்னிக்கணும். வெறுங்கையோட ஒரு வீட்டுக்குள்ள நொழையறதுக்கு அவருக்குப் பயமுங்க. அவ்வளவுதான்."

நூலகர் இரண்டாவது வரிசையைப் பார்த்து, "அண்ணன் கருத்து பாக்கி இருக்கே" என்றார். நாற்காலியில் காக்கி அட்டை போட்ட புத்தகம் மட்டும் இருந்தது.

கீழே மொபெட் நின்றது. சாவி அதிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்தோம், பூட்டியிருந்தது. வாசலில் நின்றபடியே மகள், "அந்தக் கோயில் விஷயத்த எங்கிட்ட மட்டும்தாம்மா சொன்னாரு" என்றாள். நான் திட்டவில்லை, திட்டும் நிலையில் அவள் இல்லை. "பஸ் ஸ்டாண்ட்ல பாத்துட்டு வரேன்" என்று ஓடினாள். ஓட விட்டேன்.

வெகுநேரம் அவள் வரவில்லை. அவளிடம் செல்போன் கிடையாது. என் கணவர் ஷிஃப்டில். விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் பொறுக்காமல் நானே பஸ் நிலையம் போனேன். பெரிய மாமா வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரர், "சார் அரியலூர் பஸ்ஸுல ஏறினாருங்க. டூட்டி இல்லியேன்னேன், சிரிச்சாரு. பின்னாலயே பாப்பா வந்து கேட்டுச்சு. அடுத்த வண்டியில அதுவும் போயிடுச்சு" என்றார். இப்போதும் மகள் ஹாஸ்டலிலிருந்து கிளம்பினேன் என்று போன் செய்தால், வந்து சேரும் வரை என்னால் உட்கார முடிவதில்லை. அன்று ஒரே நேரத்தில் இரண்டு பேரைத் தொலைத்துவிட்டவள் போல, வருகிற ஒவ்வொரு வண்டியின் படியையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரிய மாமா இன்று உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார். ஆனாலும் அவரைப் பற்றி இப்படி இறந்தகாலத்தில்தான் எழுத வருகிறது. அந்த வாரமே ரயில்வே குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்தார். தம்பி கெஞ்சியும் கேட்கவில்லை. "இந்த வயசுல தெனம் பஸ் ஒத்துக்கல" என்றார். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருகிறார். சாப்பாட்டைப் புகழ்கிறார், மகளின் படிப்பை விசாரிக்கிறார், சாயங்காலம் கிளம்பிவிடுகிறார். கையில் ஒன்றும் கொண்டு வருவதில்லை. விருந்தாளி வெறுங்கையோடு வரக்கூடாது என்று நான் நினைக்கிறேனோ என்ற கவலைகூட அவர் முகத்தில் இல்லை. அந்தப் பழக்கத்திலிருந்து அவர் விடுபட்டதற்கு நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை.

அந்த நாவலை அதற்குப் பிறகு இரண்டு முறை எடுத்துப் படித்தேன். அதில் எந்தப் பக்கத்தைப் பற்றி அவர் பேச இருந்தார் என்று தேடினேன். ஒரு முறை அவரிடமே கேட்டேன். "அதெல்லாம் மறந்துபோச்சும்மா" என்றார். அவருக்கு மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த மனிதர் ஒரே ஒரு நாள் பேச நினைத்தார். அதற்கு முன் நாங்கள் சிரித்து முடித்துவிட்டோம்.

அன்று, நான் பஸ் நிலையத்தில் காத்து நிற்கையில், ஏழரை மணி சுமாருக்கு ஒரு அரியலூர் வண்டி உள்ளே திரும்பியது. கூட்டமெல்லாம் இறங்கிய பிறகு, கடைசியாக என் மகள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தேன். கண்டக்டர் கதவைச் சாத்தினார்.

"பாத்தியாடி?"

"ஸ்டேஷன் பெஞ்ச்ல உக்காந்திருந்தாரு. நான் போனதும் எழுந்து எடம் குடுத்தாரு. டீ வாங்கித் தந்தாரு."

"கோவமா இருக்காரா?"

"இல்லம்மா. நல்லாப் பேசினேன்னாரு. எல்லாம் நெசம்தானேன்னாரு." அவள் என் புடவைத் தலைப்பைச் சின்னக் குழந்தை போலப் பிடித்துக்கொண்டாள். "அவர்தான் பஸ் ஏத்திவிட்டாரு. ஜன்னல்கிட்ட நின்னுட்டு, அடுத்த கூட்டத்துக்கு நீயே போயிட்டு வா பாப்பா, உனக்குத்தான் வழி தெரியுமேன்னாரும்மா."