பூகோள வாத்தியாரோடு ஒரு தோணிப் பயணம்

என் வீட்டுக்காரர் தொண்டியில் பூகோள வாத்தியாராக இருந்தார். சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். அவர் கடலை முதன்முதலாகப் பார்த்தது இருபத்தாறு வயதில், தொண்டிக்கு மாற்றலாகி வந்தபோதுதான். அதற்குள் மூன்று வருஷம் கடலைப் பற்றிப் பாடம் நடத்தி முடித்திருந்தார். நான் கமுதிப் பக்கத்துக்காரி. மிளகாய்க் காடும் கண்மாயும் தெரியும். கடலைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஏதும் கிடையாது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். கோடை விடுமுறையில், தங்கச்சிமடத்தில் குடியிருந்த என் அக்காளின் பிள்ளைக்குக் காதுகுத்து. பஸ்ஸும் ரயிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். திரும்புகிற நாள் வந்ததும், கடல் வழியாகவே தொண்டிக்குப் போய்விடலாம் என்றார்.

"பஸ்ஸுலயும் ரயிலுலயும் எல்லாப் பயலுந்தான் போறான்" என்றார். "இந்த வடகடலப் பொம்பளைக் கடலுன்னு சொல்றாக. சாதுவா இருக்குமாம்."

மூன்று வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய பிறகும் அவர் இதை நம்பியதுதான் எனக்கு ஆச்சரியம்.

பாம்பனில் தேங்காய் ஏற்றிக்கொண்டு தொண்டிக்குப் புறப்படும் தோணி ஒன்று நின்றது. தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். இந்தத் தண்டல் தொண்டி முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். கூட இரண்டு ஆட்கள். இவரைப் பார்த்ததும் தண்டல் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். காரணம் இருந்தது. அவர் மகன் இவருடைய வகுப்பில் படித்தான். அந்த வருஷம் காற்றுகளின் பெயரை எழுதச் சொன்ன கேள்விக்கு அவன் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று எழுதிவைக்க, புத்தகத்தில் அப்படி இல்லை என்று இவர் சுழி போட்டுவிட்டார். பையன் பூகோளத்தில் தோற்றான். எந்தக் காற்றை நம்பித் தகப்பன் பாய் விரித்துச் சோறு போட்டாரோ, அந்தக் காற்றுக்குத்தான் சுழி.

அதிகாலையில் ஏறினோம். இவர் வெள்ளை வேட்டி, பூட்ஸ், குடை, பள்ளிக்கூடத்து வரைபடம், பள்ளிக்கூடத்துத் திசைகாட்டி ஆகியவற்றோடு தேங்காய்க் குவியலின் மேல் அமர்ந்தார். சற்று நேரத்தில் திசைகாட்டியைப் பார்த்துவிட்டு, "தண்டல், வடக்கு இந்தப் பக்கம் இருக்கு. நீங்க வேற எங்கயோ போறீக" என்றார்.

தண்டல் எட்டிப் பார்த்தார். "சார், உங்க காலடியில நங்கூரம் கிடக்கு. அம்புட்டும் இரும்பு. முள்ளு அதத்தான் பாக்குது."

இவர் திசைகாட்டியை மடியில் வைத்துக்கொண்டார். 

தெற்கேயிருந்து வீசும் சோழகக் காற்று பின்னாலிருந்து தள்ள, தோணி மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. அந்த ஏற்றஇறக்கம் வரைபடத்தில் இல்லாத விஷயம். வெயில் ஏறுமுன் இவர் காதுகுத்து விருந்து முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டார். நான் தலையைப் பிடித்துவிட்டேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கட்டை வண்டியில் மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்து சந்தைக்குப் போனவளுக்கு அந்த ஆட்டம் பழக்கம்தான். ஆனால் நான் நன்றாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஒனக்கு ஒண்ணும் செய்யலையா?" என்று இரண்டு தடவை கேட்டார். அதில் அக்கறையைவிடக் குற்றச்சாட்டுத்தான் அதிகம்.

மத்தியானம் அவர் தண்டலிடம், "கரைய ஒட்டியே போங்க. ஊருகள வரைபடத்தோட ஒத்துப் பாக்கணும்" என்றார். வரைபடம் அப்போது அவர் தலைக்கடியில் கிடந்தது. பயம் என்ற வார்த்தையை அவர் அப்படிச் சொன்னார்.

"அங்கன தண்ணி கம்மி சார். சேறு."

"வரைபடத்துல அப்பிடி இல்லையே."

தண்டல் என்னைப் பார்த்தார். "பிள்ளைக்குப் பாடம் சொல்றவுக. சொல்லத் தட்டக் கூடாது" என்று முனகிவிட்டுத் தோணியைக் கரைப் பக்கம் திருப்பினார். திருப்பாலைக்குடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அடியில் ஏதோ தேய்கிற மாதிரி சத்தம் கேட்டது. தோணி நின்றது. தேங்காய்கள் உருண்டன. இவரும் கூடவே உருண்டார்.

"என்ன ஆச்சு?" என்று கிடந்தபடியே கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். நீங்க கேட்ட கரை வந்துருச்சு."

ஆட்கள் இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துத் தள்ளினார்கள். தோணி அசையவில்லை. மூங்கில் கழையை ஊன்றித் தள்ளத் தண்டலும் வேண்டியிருந்தது. அப்படியானால் சுக்கானைப் பிடிக்க ஆள் இல்லை. அவர் முதலில் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தாயி, ஏரு புடிச்சிருக்கீகளா?"

"அய்யாவுக்குக் கால் ஒடிஞ்ச வருசம் புடிச்சிருக்கேன்."

"அம்புட்டுத்தான். ஒண்ணே ஒண்ணு, இங்குட்டு இழுத்தா தோணி அங்குட்டுத் திரும்பும். அத மட்டும் மனசுல வச்சுக்கங்க."

சுக்கான் கட்டை கைக்கு வழவழப்பாக இருந்தது. அவர்கள் மூவரும் மூச்சுக்கட்டித் தள்ள, தண்டல் சொன்னபடி நான் இழுத்தும் தள்ளியும் பிடித்தேன். நாலைந்து முயற்சிக்குப் பிறகு தோணி குலுங்கிச் சேற்றை விட்டது. பாயில் காற்று விழுந்ததும் கட்டை என் கையை இழுத்தது. நான் திருப்பி இழுத்தேன். அது கேட்டது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் சொன்னதைக் கேட்ட முதல் பொருள் அது.

கழையைப் போட்டுவிட்டு வந்த தண்டல் சுக்கானைத் திரும்ப வாங்கவில்லை. ஏறி வந்த ஆட்களோடு சேர்ந்து, தோணிக்குள் புகுந்திருந்த தண்ணீரை இறைத்தார். "தூரத்துல தெரியுற அந்தத் தென்னங்கூட்டத்தப் பாத்தே போங்க தாயி" என்றார். மோர்ப்பண்ணை தாண்டுகிற வரை நான்தான் பிடித்தேன். தோள் கடுத்தது. ஆனாலும் கேட்டு வாங்கினால்தான் கொடுப்பது என்று வைராக்கியமாக இருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

தொண்டியில் தோணி கரைக்கு ஒட்டாது. தள்ளியே நிற்கும். நான் சேலையைத் தூக்கிச் செருகி இறங்கி நடந்தேன். பூட்ஸ் நனையும் என்பதால் அவரை ஓர் ஆள் தோளில் தூக்கி வந்தார். சாயங்காலக் காற்று வாங்க வந்திருந்த தலைமை ஆசிரியர் கரையில் நின்றார். தோளில் இருந்தபடியே இவர் வணக்கம் சொன்னார். பிரயாணம் எப்படி என்று அவர் கேட்டார்.

"ஒரு எடத்துல தரை தட்டிருச்சு சார். நாங்க பாத்துத் திருப்பிக் கொண்டாந்தோம்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். "எதுக்குப் பொய் சொன்னீக?"

"என்ன பொய்? தோணியில நானும் இருந்தேன்ல?" என்றார். அவர் முகத்தில் துளி வெட்கம் இல்லை. வாந்தியின் சோர்வுதான் இருந்தது.

மூன்று மாதத்தில் அந்த 'நாங்க' 'நான்' ஆகிவிட்டது. ஒரு வருஷத்தில் புயல் சேர்ந்தது. வாந்தி எடுத்தது நான் என்றாகிவிட்டது. விருந்தாளிகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, எலுமிச்சம்பழத்தை மோந்திருக்கலாமே என்றார்கள். நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறு வருஷம் அக்காள் வீட்டிலிருந்து திரும்பும்போது, நான் தோணியில்தான் வருவேன் என்றேன். அந்தத் தடவை தண்டலின் மனைவியும் தோணியில் வந்தாள். அதனால் இவரால் மறுக்க முடியவில்லை. விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது, ரயிலில்தான் எழுத வரும் என்று சொல்லிவிட்டு இவர் ரயிலேறினார். ரயில் தாமதமாகி, பஸ் தப்பி, ராமநாதபுரத்தில் தங்கி, மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். அதற்குள் நான் குளித்து, மீன் குழம்பு வைத்து, சாப்பிட்டு, படுத்திருந்தேன். கதவை அவர் நாலு தடவை தட்ட வேண்டியிருந்தது. முதல் தட்டே எனக்குக் கேட்டது.